பரிந்துரையா, விளம்பரமா? குழுக்களில் மென்பொருள் பெயர் வரும் பதில்களைச் சோதிக்கும் முறை

மடிக்கணினியில் இருந்த படங்கள் தவறுதலாக அழிந்துவிட்டன என்று ஒருவர் இணையக் குழுவில் எழுதுகிறார். அரை மணி நேரத்துக்குள் பதில் வந்துவிடுகிறது: "எனக்கும் இதே நிலைமைதான். எத்தனையோ போட்டுப் பார்த்தேன், எதுவும் வேலைக்கு ஆகவில்லை. கடைசியில் நண்பர் சொல்லி இதைப் போட்டேன், எல்லாப் படமும் திரும்பி வந்துவிட்டது." கீழே ஒரு சுட்டி. கேட்டவர் பதற்றத்தில் இருக்கிறார், சொன்னது யார் என்று பார்க்கப் பொறுமை இல்லை. உடனே பதிவிறக்கி, படங்கள் இருந்த அதே டிஸ்க்கில் நிறுவுகிறார். அழிந்த கோப்புகள் இருந்த இடத்தின் மேல் புதிய மென்பொருள் வந்து உட்காருகிறது. அதுவரை மீட்டிருக்கக்கூடிய படங்கள் அப்போதுதான் உண்மையிலேயே போகின்றன.

விஷயம் தெரிந்தவர் பதில் எழுதியிருந்தால் முதல் வரியே "அந்த டிஸ்க்கில் இனி எதையும் எழுதாதீர்கள், கணினியை நிறுத்துங்கள்" என்றுதான் இருக்கும். அந்த வரி இல்லாமல் பொருளின் பெயர் மட்டும் வருகிறதென்றால், எழுதியவருக்குத் தொழில் தெரியவில்லை, அல்லது உங்கள் படங்களைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. இரண்டில் எதுவானாலும் அந்தப் பதிலைப் பின்பற்றக் கூடாது.

மறைமுக விளம்பரத்தைக் கண்டுபிடிக்க இதுவே நல்ல தொடக்கம். பதிலில் என்ன இருக்கிறது என்பதைவிட, இருக்க வேண்டியது எது இல்லை என்று பாருங்கள்.

பெயரை எடுத்துவிட்டுப் படித்தல்

பதிலில் உள்ள மென்பொருளின் பெயரையும் சுட்டியையும் மனத்துக்குள் அழித்துவிட்டு மீண்டும் ஒருமுறை படியுங்கள். மிச்சம் ஏதாவது தேறுகிறதா? பிரச்சினை ஏன் வந்தது, எந்த அமைப்பை மாற்றினால் சரியாகும், எந்த நிலையில் சரியாகவே ஆகாது என்று ஏதாவது இருந்தால் அது பதில். "எளிது, வேகமானது, பாதுகாப்பானது, நிபுணத்துவம் தேவையில்லை" என்பது மட்டும் மிஞ்சினால் அது விளம்பரத் துண்டு.

இதிலிருந்து தப்பிக்க எழுதப்படும் ஒரு வடிவம் இருக்கிறது; அதைத் தனியாக அடையாளம் காணப் பழக வேண்டும். முதலில் கேள்வியையே சற்று மாற்றித் திருப்பிச் சொல்வார்கள். பிறகு நான்கு வழிகளை வரிசையாகக் கொடுப்பார்கள். நான்கும் சரியானவையே, ஆனால் எங்கும் கிடைக்கும் பொதுவான வழிகள். அடுத்து, "இவை நேரம் எடுக்கும், தவறினால் தரவு போய்விடும்" என்று ஓர் அச்சம். ஐந்தாவதாக ஒரு தானியங்கிக் கருவியின் பெயர். நான்கு வழிகளும் ஐந்தாவதற்குப் போடும் பாதை. இப்போது செயற்கை நுண்ணறிவு இந்த வடிவத்தை நொடியில் எழுதித் தருகிறது; நீளமும் நல்ல நடையும் இனி நம்பகத்துக்குச் சான்றாகா. இங்கே பார்க்க வேண்டியது அந்த நான்கு வழிகள் உங்கள் கேள்வியில் இருந்த விவரத்தைத் தொடுகின்றனவா என்பதை. நீங்கள் பிழை எண்ணையும் பதிப்பையும் தெளிவாகக் கொடுத்திருக்க, பதிலில் அவை எங்குமே வரவில்லையென்றால், அது உங்களுக்காக எழுதப்பட்டதல்ல.

எந்தக் கேள்விகளைச் சுற்றி வலை விரிக்கிறார்கள்

எல்லாக் கேள்விக்கும் இது நடப்பதில்லை. கேட்பவர் பதற்றத்தில் இருக்க வேண்டும், தொழில்நுட்பம் கொஞ்சம் மங்கலாக இருக்க வேண்டும், ஒருமுறை காசு கொடுத்தால் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை வர வேண்டும். இந்த மூன்றும் சேரும் இடங்கள் சில. அவற்றுக்கு உண்மையான பதில் என்ன என்று முன்பே தெரிந்திருந்தால் பாதி ஆபத்து போய்விடும்.

கோப்பு மீட்பு. மீட்பு மென்பொருளை வேறு கணினியிலோ பென் டிரைவிலோ வைத்து இயக்க வேண்டும். மீட்ட கோப்புகளையும் வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். ஃபோட்டோரெக் என்ற திறமூல நிரல் இலவசம், மூல டிஸ்க்கைப் படிக்க மட்டுமே செய்யும். ஆனால் பழைய கோப்புப் பெயர்களைத் திருப்பித் தராது. விண்டோஸ் 10இன் 2004 என்று எண்ணிடப்பட்ட பதிப்பிலிருந்து (இது ஆண்டு அல்ல) மைக்ரோசாஃப்ட் தனியே ஒரு மீட்புக் கருவியை இலவசமாகத் தருகிறது; அதில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். எஸ்எஸ்டியாக (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் பதியும் டிஸ்க்) இருந்தால் நிலைமை வேறு. கோப்பை அழித்ததும் இயங்குதளம் டிரிம் என்ற கட்டளை மூலம் அந்த இடம் இனித் தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடுகிறது. எஸ்எஸ்டி அதைத் துடைத்தபின் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஆகவே, உங்களிடம் இருப்பது எந்த வகை டிஸ்க் என்று கேட்காமலே "நிச்சயம் மீட்கும்" என்பவரை நம்பாதீர்கள். கட்டணக் கருவிகள் சில இலவசமாகத் தேடி, கோப்புப் பட்டியலைக் காட்டி, சேமிக்கும்போது பணம் கேட்கும். பட்டியலில் பெயர் தெரிவதால் மட்டும் உள்ளடக்கம் முழுதாக இருக்கிறது என்று பொருளில்லை. பெயர் ஓரிடத்திலும் உள்ளடக்கம் வேறிடத்திலும் பதிவாகிறது. முன்னோட்டத்தில் படம் முழுதாகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தைப் பற்றி யோசியுங்கள்.

அவுட்லுக் அஞ்சல் கோப்புகள். ஓஎஸ்டி கோப்பை பிஎஸ்டியாக மாற்ற வேண்டும் என்று யார் எங்கே கேட்டாலும் மாற்றிக் கருவிகளின் பெயர்கள் வந்து குவியும். ஓஎஸ்டி என்பது சர்வரில் உள்ள அஞ்சல் பெட்டியின் உள்ளூர் நகல்; பிஎஸ்டி என்பது அஞ்சல்களைத் தனியே எடுத்து வைக்கும் கோப்பு. கணக்கு உயிரோடு இருந்தால் புதிய சுயவிவரத்தில் மறுபடி ஒத்திசைக்கலாம், அல்லது அவுட்லுக்கின் ஏற்றுமதி வசதியாலேயே பிஎஸ்டி எடுக்கலாம். சர்வர் கணக்கும் போய், பழைய சுயவிவரமும் போய், அந்தக் கோப்பு மட்டும் மிஞ்சியிருக்கும் நிலையில்தான் வெளிக் கருவி தேவைப்படும். "கணக்கு இன்னும் இருக்கிறதா?" என்று முதலில் கேட்பவரே உதவ வந்தவர். பழுதான பிஎஸ்டிக்கு ஸ்கேன்பிஎஸ்டி என்ற கருவி அவுட்லுக்கோடு சேர்ந்தே வருகிறது.

டிரைவர் புதுப்பிப்பான், ரெஜிஸ்ட்ரி சுத்திகரிப்பான், காணாமல் போன டிஎல்எல். டிரைவர் என்பது கணினியின் பாகங்களை இயக்கும் நிரல், ரெஜிஸ்ட்ரி விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் இடம், டிஎல்எல் பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் கோப்பு. இவை மூன்றுக்கும் வெளி மென்பொருள் அநேகமாக வேண்டியதில்லை. டிரைவர் விண்டோஸ் அப்டேட்டிலும் தயாரிப்பாளரின் ஆதரவுப் பக்கத்திலும் கிடைக்கும். ரெஜிஸ்ட்ரி சுத்திகரிப்பான்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே எழுதி வைத்திருக்கிறது. அவை கெடுத்தால் இயங்குதளத்தை மறுபடி நிறுவும் நிலை வரலாம். டிஎல்எல் பிழைகளில் பல விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரன்டைம் தொகுப்பை மைக்ரோசாஃப்ட் பக்கத்திலிருந்து நிறுவினால் தீரும். தனித்தனி டிஎல்எல் கோப்புகளைத் தரும் தளங்களுக்குப் போகவே வேண்டாம்.

இலவச விபிஎன். விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் செயலி. இதில் ஆபத்து காசோடு நிற்பதில்லை. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை 911 எஸ்5 என்ற வலைப்பின்னலை முடக்கியது. மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன், ஷைன்விபிஎன் போன்ற இலவசச் செயலிகளை நிறுவியவர்களின் கணினிகள் அவர்களுக்குத் தெரியாமலே பிறர் பயன்படுத்தும் இடைவழிகளாக விற்கப்பட்டிருந்தன. தொடர்புடைய ஐபி முகவரிகள் 1.9 கோடிக்கும் மேல். குற்றவாளி செய்த காரியத்துக்கு உங்கள் வீட்டு இணைப்பின் முகவரி பதிவாகும். விபிஎன் பெயரோடு வரும் பதிலில், அந்த நிறுவனம் எப்படிச் சம்பாதிக்கிறது என்ற கேள்விக்கு விடை இல்லையென்றால் நிறுவாதீர்கள்.

எழுதிய கணக்கைப் பார்த்தல்

பெயர்ச் சோதனையில் சந்தேகம் வந்தால் அடுத்து எழுதியவரின் கணக்குக்குப் போங்கள். ஐந்து நிமிட வேலை. கணக்கு தொடங்கிய நாளைப் பாருங்கள். அதைவிட முக்கியம், அவர் எழுதிய கடைசி இருபது பதிவுகள். வெவ்வேறு திரிகளில் (ஒரு கேள்வியும் அதன் பதில்களும் சேர்ந்த தொடர்) ஒரே மென்பொருளின் பெயர் மூன்று முறை வந்தால் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. பழைய கணக்கு என்பதாலேயே நம்பிவிடவும் கூடாது. பல மாதம் "நன்றி", "பயனுள்ள தகவல்" என்று ஓரிரு சொல் எழுதி எண்ணிக்கையைக் கூட்டி வைத்துவிட்டு, பிறகு வேலையைத் தொடங்கும் கணக்குகள் உண்டு. ஆள் மாறி விற்கப்பட்ட கணக்குகளும் உண்டு. நடையும் பேசுபொருளும் ஒரு தேதிக்குப் பின் அப்படியே மாறியிருந்தால் அது அறிகுறி. பழைய பதிவுகளை மறைத்து வைக்கும் வசதி சில தளங்களில் இருப்பதால், மறைத்திருப்பதையே குற்றமாகக் கொள்ள வேண்டாம்.

அடுத்தது கூட்டு. ஒருவர் கேட்கிறார், இன்னொருவர் பெயரைச் சொல்கிறார், மூன்றாமவர் வந்து "நன்றி, எனக்கும் வேலை செய்தது" என்கிறார். மூவரின் கணக்கும் ஒரே வாரத்தில் தொடங்கியவையா? கேள்வியின் சொற்கள் அந்தப் பொருளின் விளம்பரப் பக்கத்தில் இருக்கும் சொற்களேயா? உண்மையில் சிக்கலில் இருப்பவர் "படம் போச்சு, என்ன செய்வது" என்பார். "மூலத் தரம் குறையாமல் தொகுதியாகக் கோப்புகளை மீட்கும் வழி" என்று கேட்க மாட்டார். இப்படிப்பட்ட பொம்மைக் கணக்குகள் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு விக்கிப்பீடியா ஓர் எடுத்துக்காட்டு: 2015இல் அங்கே ஆரஞ்சுமூடி என்று பெயரிடப்பட்ட விசாரணையில், காசுக்குக் கட்டுரை எழுதி ஒன்றையொன்று தாங்கிக்கொண்டிருந்த 381 கணக்குகள் முடக்கப்பட்டன.

பதிலில் இருக்கும் தனித்தன்மையான ஒரு வாக்கியத்தை, எட்டுப் பத்துச் சொல் அளவில், மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடுபொறியில் தேடுங்கள். அதே "அனுபவம்" வேறு பெயரில், வேறு தளத்தில், சிலசமயம் வேறு பொருளுக்கே வந்து நிற்கும். இதைவிடத் தெளிவான ஆதாரம் அரிது.

பழைய திரிகளில் கூடுதல் கவனம் வேண்டும். தேடலில் மேலே வரும் நான்கைந்து ஆண்டுப் பழைய திரியாகப் பார்த்து, அதன் கடைசியில் ஒரு பதிலை ஒட்டிவிட்டுப் போவார்கள். இன்னொரு தந்திரம், முதலில் சுட்டி இல்லாத நல்ல பதிலாக எழுதிப் பாராட்டு வாங்கிக்கொண்டு, பல வாரம் கழித்துத் திருத்திச் சுட்டியைச் செருகுவது. மேலே உள்ள பாராட்டுகள் சுட்டிக்கு முன் வந்தவை என்பது படிப்பவருக்குத் தெரியாது. "திருத்தப்பட்டது" என்ற குறியும் அதன் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

சுட்டியைப் பிரித்தல்

சுட்டியைச் சொடுக்காமல் நகலெடுத்து ஓர் எழுத்துக் கோப்பில் ஒட்டுங்கள். கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் பகுதியைப் படியுங்கள். அங்கே ரெஃப், அஃப், வியா போன்ற சுருக்கமும் அதை அடுத்து ஒரு பெயரோ எண்ணோ இருந்தால், நீங்கள் வாங்கும்போது யாரோ ஒருவருக்குத் தரகு போகக்கூடும். யூடிஎம் என்று தொடங்குபவை வேறு: எந்த வழியாக வாசகர் வந்தார் என்று எண்ணுவதற்கானவை. செய்திமடலிலிருந்து நகலெடுத்து ஒட்டியவரின் சுட்டியிலும் அவை ஒட்டிக்கொண்டு வரும். அதனால் யூடிஎம்மை வைத்து மட்டும் ஒருவரைக் குற்றம் சொல்லாதீர்கள். சுருக்கப்பட்ட சுட்டியாக இருந்தால் முழு முகவரியைத் தரும்படி கேளுங்கள்.

சுட்டியே இல்லாமல் பெயர் மட்டும் வரும் பதிவுகளையும் விளம்பரம் இல்லை என்று விட்டுவிட முடியாது. பின்னூட்டச் சுட்டிகளை மதிப்பில் சேர்க்காமல் விடும் நோஃபாலோ குறியை 2005இலேயே தேடுபொறிகள் ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆகவே சுட்டியைவிடப் பெயருக்குத்தான் இன்று விலை. உரையாடல் தளங்களில் உள்ளதைச் செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் (சாட்பாட்கள்) படித்துத் தொகுத்துச் சொல்லும் காலம் இது. 2024 பிப்ரவரியில் ரெடிட் என்ற உரையாடல் தளத்தின் உள்ளடக்கத்தைப் பெற கூகுள் ஒப்பந்தமே போட்டது. பத்து இடங்களில் இயல்பாகப் பெயரைத் தூவினால், நாளை ஒருவர் உரையாடியிடம் கேட்கும்போது அந்தப் பெயர் வரலாம் என்பது கணக்கு. உரையாடி தரும் மென்பொருள் பரிந்துரையையும் இதே சந்தேகத்தோடு பாருங்கள்.

பெயர் கிடைத்ததும் தேடினால் "சிறந்த 10 கருவிகள்" என்ற பட்டியல்கள் வரும். பட்டியலை வெளியிட்ட தளம் யாருடையது என்று அடிக்குறிப்பில் பாருங்கள். முதலிடத்தில் இருக்கும் பொருளைச் செய்த நிறுவனமே பட்டியலை எழுதியிருப்பது வழக்கம். தளத்தின் வயதை அறிய, இணைய முகவரிகளை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் பதிவுத் தேடல் பக்கத்தில் முகவரியைக் கொடுத்தால் பதிவான தேதி வரும். பதினைந்து ஆண்டு அனுபவம் என்று சொல்லும் நிறுவனத்தின் முகவரி எட்டு மாதம் முன்பு பதிவானதென்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேட்டுப் பார்த்தல்

எல்லாவற்றையும் விட எளிய சோதனை, அவரிடமே கேட்பதுதான். எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினீர்கள், எவ்வளவு நேரம் பிடித்தது, இலவசப் பதிப்பு எந்த அளவோடு நின்றது, எதில் சறுக்கியது? உண்மையில் பயன்படுத்தியவரிடம் ஒரு குறையாவது இருக்கும், கேட்டால் ஆர்வமாகச் சொல்லவும் செய்வார். விளம்பரம் செய்பவர் பதில் சொல்லாமல் போவார், அல்லது தயாரிப்புப் பக்கத்தின் வரிகளையே திருப்பிச் சொல்வார். கடைசியாக நேராகவே கேளுங்கள்: "இந்த நிறுவனத்தோடு உங்களுக்குத் தொடர்பு உண்டா?" மரியாதையாகக் கேட்டால் நேர்மையானவருக்குக் கோபம் வராது.

நிறுவத்தான் வேண்டும் என்றால்

சோதனைகளைத் தாண்டிய மென்பொருளையும் பதிலில் இருந்த சுட்டி வழியாக இறக்காதீர்கள். தயாரிப்பாளரின் முகவரியை நீங்களே கண்டுபிடித்துப் போங்கள்; தேடல் முடிவின் உச்சியில் இருக்கும் விளம்பர வரியைத் தவிருங்கள், போலித் தளங்கள் அந்த இடத்தைக் காசு கொடுத்து வாங்குவதுண்டு.

இறக்கிய கோப்பை இயக்குமுன் அதன் பண்புகளைத் திறந்து டிஜிட்டல் கையொப்பம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தளத்தில் எஸ்எச்ஏ-256 மதிப்பு (கோப்பின் கைரேகை போன்ற குறி) கொடுத்திருந்தால், விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் கட்டளையைக் கோப்பின் பாதையோடு இயக்கி, வரும் 64 எழுத்தும் பொருந்துகின்றனவா என்று ஒப்பிடுங்கள். பிறகு வைரஸ்டோட்டல் என்ற தளத்தில் ஏற்றுங்கள். பல எதிர்நச்சு நிரல்கள் ஒரே நேரத்தில் பரிசோதிக்கும். ஓரிரண்டு மட்டும் சிவப்புக் காட்டினால் அது தவறான எச்சரிக்கையாக இருக்கலாம், பத்துப் பதினைந்து காட்டினால் கோப்பை அழித்துவிடுங்கள். எதுவும் காட்டவில்லை என்பது முழு உத்தரவாதமும் அல்ல. புதிய தீநிரல்களுக்குச் சில நாள் கழித்தே அடையாளம் பதிவாகும். அங்கே ஏற்றும் கோப்புகள் பாதுகாப்பு ஆய்வாளர்களுக்கும் கிடைக்கும் என்பதால் சொந்த ஆவணங்களை ஏற்றாதீர்கள். விண்டோஸ் புரோ பதிப்பு இருந்தால் சாண்ட்பாக்ஸ் வசதியை (கணினியிலிருந்து பிரிந்த தற்காலிகச் சோதனை இடம்) இயக்கி அதற்குள் முதலில் நிறுவிப் பாருங்கள். மூடியதும் எல்லாம் அழிந்துவிடும். நிறுவும்போது தனிப்பயன் வழியைத் தேர்ந்தெடுத்து, ஏற்கெனவே டிக் செய்யப்பட்ட கூடுதல் நிரல்களை நீக்குங்கள்.

உலாவி நீட்சிகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இன்று நல்லதாக இருக்கும் நீட்சி நாளை கைமாறும். தி கிரேட் சஸ்பெண்டர் என்ற குரோம் நீட்சியை இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வைத்திருந்தார்கள். நல்ல மனத்தோடு பலர் பரிந்துரைத்ததுதான். 2020இல் உருவாக்கியவர் அதை வேறொருவருக்கு விற்றார். 2021 பிப்ரவரியில் தீநிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் அதை நீக்கியது. ஆகவே மூன்றாண்டு முந்தைய நேர்மையான பரிந்துரைகூட இன்றைக்குச் செல்லாது. எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கும் நீட்சி எதுவானாலும், அது செய்யும் வேலைக்கு அந்த அனுமதி தேவையா என்று யோசியுங்கள்.

ஏற்கெனவே நிறுவிவிட்டவர்களுக்கு

தீநிரல் என்று சந்தேகம் இருந்தால் இதே வரிசையில் செய்யுங்கள், வரிசை மாறினால் பலன் குறையும்.

1. இணைய இணைப்பைத் துண்டியுங்கள்.
2. மென்பொருளை அமைப்புகளிலிருந்து நீக்குங்கள். உலாவி நீட்சிகள், தொடக்கச் செயலிகள், டாஸ்க் ஷெட்யூலர், ப்ராக்ஸி அமைப்பு ஆகிய நான்கையும் தனியே பாருங்கள். நீக்கியபின் மிச்சம் ஒளிந்திருப்பது இவற்றில்தான்.
3. விண்டோஸோடு வரும் எதிர்நச்சு நிரலான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை இயக்குங்கள். இது விண்டோஸ் ஏறுவதற்கு முன் சோதிப்பதால், இயங்கும்போது தன்னை மறைக்கும் நிரல்களும் அகப்படும்.
4. வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள், மின்னஞ்சலில் தொடங்குங்கள். "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" என்பதையும் அழுத்துங்கள். உள்நுழைவுக் குக்கியை (நீங்கள் உள்ளே இருப்பதாக உலாவி வைத்திருக்கும் அடையாளம்) திருடியவருக்குக் கடவுச்சொல்லே தேவையில்லை, மாற்றிய பிறகும் அவர் உள்ளேயே இருக்கலாம்.
5. பணம் கட்டியிருந்தால் தானாகப் புதுப்பிக்கும் சந்தாவை ரத்து செய்து, அட்டை வழங்கிய வங்கியில் மறுப்புத் தெரிவியுங்கள். இதற்குக் கால வரம்பு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

குழுவை நடத்துபவர்கள்

சொந்த மென்பொருளைப் பற்றிச் சொல்வதே தவறு என்று விதி போட்டால் நேர்மையான உருவாக்குநர்கள் போய்விடுவார்கள், மறைந்து வருபவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். "இதை எழுதியது நான்தான், விலை இவ்வளவு, இந்த நிலையில் இது உதவாது" என்று முதல் வரியிலேயே சொல்பவருக்கு இடம் கொடுங்கள். பொருளாதாரத் தொடர்பை வெளிப்படுத்த வேண்டும் என்பது அமெரிக்க வணிக ஆணையத்தின் வழிகாட்டுதல்களில் நெடுநாளாக உள்ளது; போலி விமர்சனங்களைத் தடைசெய்யும் அதன் விதி 2024 அக்டோபர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. விக்கிமீடியாவும் 2014 முதல் காசு வாங்கித் தொகுப்பவர் அதை அறிவிக்க வேண்டும் என்கிறது. உங்கள் விதியில் இதை ஒரே வாக்கியமாக எழுதி மேலே ஒட்டி வையுங்கள்.

அமைப்புகளில் மூன்று மாற்றம் போதும். புதியவரின் முதல் சில பதிவுகளில் சுட்டி இருந்தால் மட்டுறுத்துனர் (பதிவுகளை மேற்பார்வையிடுபவர்) பார்த்தபின் வெளியிடுங்கள். ஓராண்டு அசைவில்லாத திரிகளைப் பூட்டுங்கள். ஒரு நாள் கழிந்த பதிவைத் திருத்தும் உரிமையைப் புதிய கணக்குகளுக்குத் தராதீர்கள். பெரும்பாலான குழு மென்பொருள்களில் இவற்றுக்கு ஆயத்த அமைப்பு உண்டு.

சந்தேகம் வந்த உறுப்பினர்கள் திரியிலேயே ஒருவரை "ஏமாற்றுக்காரர்" என்று அழைக்கக் கூடாது. ஒரு பொருளை உண்மையிலேயே விரும்பி நாலு பேருக்குச் சொல்பவரும் இருக்கிறார். அவரை அவமதித்தால் திரும்பி வர மாட்டார், நல்ல பதில் சொல்லக்கூடிய ஒருவரை இழப்போம். ஆதாரங்களை, அதாவது மூன்று திரிகளின் முகவரி, கணக்குத் தேதி, ஒரே வாக்கியம் வந்த இடங்கள் ஆகியவற்றை, மட்டுறுத்துனருக்குத் தனியே அனுப்புங்கள். திரியில் எழுத வேண்டியது ஒன்றுதான்: கேட்டவருக்கான சரியான பதில். டிஸ்க்கில் எதையும் எழுதாதீர்கள் என்ற அந்த முதல் வரியை யாராவது உடனே எழுதிவிட்டால், கீழே எத்தனை சுட்டி வந்தாலும் அவருடைய படங்கள் பிழைக்க வாய்ப்பிருக்கிறது.